முப்பரிமாண நுண்ணோக்கி: பிரித்தலும் பொதிதலும்

இறைவன் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளுள் கண் தலையாயது. அக்கண் இரண்டாக அமைந்திருப்பதன் பயனை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்க முயல்வோர் அப்பயனை உடனே உணர்வர். இரு கண்களும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைக் காண்கின்றன. மூளை அவ்விரண்டையும் ஒன்றாக இணைத்துப் பொருளின் மேடு பள்ளத்தையும் ஆழத்தையும் நமக்கு உணர்த்துகிறது.

இவ்வியற்கை அமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்டதே முப்பரிமாண நுண்ணோக்கி. ஸ்டீரியோ நுண்ணோக்கி என்றும் இதனை வழங்குவர். கண்ணாடித் தகட்டின்மீது மெல்லிய சீவலாக வைத்துப் பார்க்கும் சாதாரண நுண்ணோக்கியைப் போலன்றி, இது பொருளை உள்ளவாறே முழுமையாகக் காட்டும். பூவின் சூலகத்தைப் பிளந்து பார்க்கும் தாவரவியல் மாணவர்க்கும், கொசுவின் இறகுச் செதில்களை ஆராயும் விலங்கியலார்க்கும், ஓலைச்சுவடியில் பூச்சி அரித்த துளைகளைச் செப்பனிடுவோர்க்கும், கைப்பேசியின் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கும் தொழிலாளர்க்கும் இக்கருவி இன்றியமையாதது.

இத்தகைய கருவியைப் பழுது நீக்குவதற்காகவோ, வேறொரு நிறுவனத்திற்கு வழங்குவதற்காகவோ தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்ப வேண்டிய தேவை ஏற்படுவதுண்டு. 'கண்ணாடிப் பொருள், உடையாமல் கட்டி அனுப்பினால் போதும்' என்று பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பாதி உண்மையே. பயணத்தில் இக்கருவிக்கு நேரும் பெருங்கேடு பெரும்பாலும் கண்ணாடி உடைவதன்று. உடையாமலேயே உள்ளுறுப்புகள் நிலை பிறழ்வதாகும். எவற்றைக் கழற்ற வேண்டும், எவற்றைத் தொடலாகாது, கழற்றியவற்றை எங்ஙனம் பொதிய வேண்டும் என்பனவற்றை ஈண்டுக் காண்போம்.

இரு பார்வை, ஒரு காட்சி

இரண்டு கண்களால் பார்த்தும் பொருள் ஒன்றாகவே தோன்றுவது ஏன் என்னும் வினாவை ஆராய்ந்த முன்னோருள் இப்னுல் ஹைதம் குறிப்பிடத்தக்கவர். பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலை ஏழு பகுதிகளாக யாத்த அறிஞர் அவர். அந்நூலின் மூன்றாம் பகுதியில் இருகண் பார்வையைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். ஒரு மரப்பலகையில் கோடுகள் வரைந்து, மெழுகாலான சிறு முளைகளை அதன்மேல் நிறுத்தி, பலகையின் ஒரு முனையை முகத்தோடு பொருத்தி ஆய்வு செய்தார். இரு கண்களின் அச்சுகளும் ஒரு பொருளின்மீது சென்று கூடினால் அப்பொருள் ஒன்றாகத் தோன்றும். கூடாத இடத்தில் உள்ளது இரண்டாகத் தோன்றும் என்பதை அவ்வாய்வின்வழி விளக்கினார்.

1838ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன், இரு கண்களுக்கும் வேறுபட்ட இரு படங்களைக் காட்டினால் ஆழவுணர்வு தோன்றும் என்று மெய்ப்பித்தார். 1890களில் ஹொரேஷியோ கிரீனோ என்னும் அமெரிக்க விலங்கியலார் கூறிய கருத்தின் அடிப்படையில், ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் சைஸ் நிறுவனம் முப்பரிமாண நுண்ணோக்கியை உருவாக்கியது. முழுமையான இரு நுண்ணோக்கிகளைச் சற்றே சாய்த்து, அருகருகே அமைத்து, இரண்டும் ஒரே புள்ளியை நோக்குமாறு செய்ததே கிரீனோ அமைப்பு. அச்சாய்வு ஏறத்தாழ 10 முதல் 15 பாகை அளவினது. இரு பாதைகளுக்கும் பொதுவாக ஒரே பெரிய பொருளருகு வில்லையைக் கொண்ட மற்றோர் அமைப்பும் உண்டு. இன்று வழக்கிலுள்ள கருவிகள் இவ்விரு வகைகளுள் அடங்குவனவே.

இவ்வரலாற்றை இங்குக் கூறியதற்குக் காரணம் உண்டு. இப்னுல் ஹைதம் கண்களுக்குக் கூறிய விதியே இக்கருவிக்கும் பொருந்தும். இரு குழாய்களின் அச்சுகளும் ஒரே புள்ளியில் கூடும்வரைதான் இது முப்பரிமாண நுண்ணோக்கி. அக்கூடுகை சிறிது பிறழ்ந்தாலும் காட்சி இரண்டாகிவிடும்.

கருவியின் உறுப்புகள்

கருவியின் மேற்பகுதியைத் தலை என்பர். வில்லைகளும், தலைகீழான உருவை நேராக்கிக் காட்டும் பட்டகங்களும் அதனுள் அமைந்துள்ளன. உருப்பெருக்கத்தைச் சீராகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் 'ஜூம்' பொறியமைப்பும் தலையினுள்ளேயே இருக்கும். தலையின் மேல் இரு கண்ணருகு வில்லைகள் செருகப்பட்டிருக்கும். தலையைத் தாங்கி நிற்பது ஒரு வளையம். அவ்வளையம், பற்சட்டத்தின் மூலம் ஏறி இறங்கும் குவியப்படுத்தும் கட்டையோடு இணைந்துள்ளது. அக்கட்டை ஒரு தூணைப் பற்றிக்கொண்டிருக்கும். தூண் கனமான பீடத்தில் நிற்கும். பீடத்தில் கண்ணாடி அல்லது கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றும், பொருளைப் பிடிக்கும் கவ்விகளும் இருக்கும். விளக்குகள் மேலிருந்தும் கீழிருந்தும் ஒளி தரும்.

எடை மிகுந்த தலை, தூணிலிருந்து முன்னோக்கி நீண்டு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை இங்கு உற்று நோக்க வேண்டும். மேசைமீது நிற்கும்போது இவ்வமைப்பு வசதியானது. வண்டியில் செல்லும்போது இதுவே இடர்ப்பாட்டின் தொடக்கமாகிறது.

பயணத்தில் நேரும் கேடுகள்

முதலாவது, அதிர்ச்சி. மேசை உயரமாகிய 75 சென்டிமீட்டரிலிருந்து ஒரு பெட்டி தரையில் விழுவதாகக் கொள்வோம். உள்ளிருக்கும் மெத்தை 3 சென்டிமீட்டர் அமுங்கிக் கருவியைத் தாங்குமாயின், கருவியின்மீது ஏறத்தாழ அதன் எடையைப் போல் 25 மடங்கு விசை செயற்படும். மெத்தை சரியில்லாமல் 3 மில்லிமீட்டரிலேயே கருவி நின்றுவிடுமாயின், அவ்விசை 250 மடங்காகும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள தலை, ஒரு கணம் 375 கிலோ எடைக்கு ஈடான விசைக்கு உள்ளாகும். மெத்தையின் வேலை கருவியை மூடி மறைப்பதன்று. விழும் வேகத்தை மெல்லக் குறைப்பதே என்பது இக்கணக்கால் விளங்கும்.

இரண்டாவது, நெம்புவிசை. தலையைக் கழற்றாமல் அனுப்பினால், மேற்கூறிய விசை முழுவதும் பற்சட்டத்தையும் அதன் நுண்ணிய பற்களையும் தாக்கும். தூணும் வளையமும் வளைந்துபோகக்கூடும்.

மூன்றாவது, இடையறாத அதிர்வு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டியில் குலுங்கிச் செல்லும்போது சிறு திருகாணிகள் தாமாகவே தளரும். பட்டகங்கள் ஒட்டுப்பொருளாலும் சிறு பட்டைகளாலும் பிடிக்கப்பட்டிருப்பதால், அவை மயிரிழை அளவு நகர்ந்தாலும் அச்சு மாறும்.

நான்காவது, ஈரம். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஈரம் நிறைந்த பெட்டியில் பல நாள் அடைபட்டிருக்கும் வில்லையில் பூஞ்சை படரும். சிலந்தி வலைபோலக் கிளைத்துப் பரவும் அப்பூஞ்சை, வில்லையின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

இவற்றுள் வெளிப்படையாகத் தெரியும் கேடு அத்துணைக் கொடியதன்று. உடைந்த கண்ணாடியை எவரும் கண்டறிந்து மாற்றிவிடுவர். நிலை பிறழ்ந்த பட்டகமோ வெளியே தெரிவதில்லை. கருவி பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். அதில் பார்க்கும் மாணவர்க்குத் தலைவலியும் கண்வலியும் ஏற்படும். காட்சி இரண்டாகப் பிரியும். அவரோ கருவியின் குறையை அறியாமல், 'எனக்குப் பார்க்கத் தெரியவில்லை' என்று தம்மையே நொந்துகொள்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப் பழகிவிடுவார். ஆழத்தைக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி, ஆழத்தைக் காட்டாமலேயே ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும்.

பிரிக்கும் முறை

பிரிக்கத் தொடங்குமுன் கருவியைப் பல கோணங்களில் நிழற்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பு எண்ணையும், உறுப்புகளின் பட்டியலையும் எழுதிவைக்க வேண்டும். மேசையின்மீது வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால் நழுவி விழும் சிறு திருகாணியும் கண்ணுக்குத் தப்பாது. ஊதுகுமிழாலும் மெல்லிய தூரிகையாலும் தூசியை முதலில் அகற்ற வேண்டும். மணல் துகளோடு பொதியப்பட்ட வில்லை வழிநெடுக உராய்ந்துகொண்டே செல்லும்.

முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, விளக்குகளை நன்கு ஆறவிட்டுக் கழற்ற வேண்டும். ஹாலஜன் குமிழ்களை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடம் பிறகு சூடேறிக் குமிழ் பழுதாகும். கருவியில் மின்கலம் இருப்பின் அதனையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, பீடத்திலுள்ள கண்ணாடித் தட்டை எடுக்க வேண்டும். அது பெரும்பாலும் பக்கவாட்டுத் திருகு ஒன்றினால் பிடிக்கப்பட்டிருக்கும். திருகைத் தளர்த்தாமல் நெம்பினால் தட்டின் விளிம்பு சிதறும். கவ்விகளையும் உடன் எடுத்துவிடலாம்.

பின்னர்க் கண்ணருகு வில்லைகளைக் கழற்ற வேண்டும். சில கருவிகளில் இவை மிகச்சிறிய திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அதன் தலைக்குப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்த வேண்டும். இடப்பக்கத்தது எது, வலப்பக்கத்தது எது என்று சிறு தாளில் குறித்து உடன் வைப்பது நன்று. அளவுகோல் பொறித்த வில்லை ஒன்றில் மட்டும் இருக்கக்கூடும். வில்லையை எடுத்தவுடன் குழாயின் வாயை மூடியால் அடைத்துவிட வேண்டும். மூடி இல்லையெனில் தூய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ரப்பர் வளையம் இடலாம். இவ்வாய் திறந்து கிடந்தால் தூசி நேரே பட்டகத்தின்மீது படியும். தலையின் அடியில் துணை வில்லை திருகப்பட்டிருப்பின் அதனையும் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

இனித் தலையை எடுக்கலாம். ஒரு கையால் தலையை உறுதியாகப் பிடித்துக்கொண்ட பின்னரே, மறுகையால் வளையத்தின் பக்கவாட்டிலுள்ள பூட்டுத்திருகைத் தளர்த்த வேண்டும். இவ்வரிசை மாறலாகாது. தலையை மேல்நோக்கித் தூக்கி எடுத்து, அடிப்பக்கத்திற்கும் மூடியிட்டு, மெத்தென்ற துணியின்மீது வைக்க வேண்டும். திருகைத் திரும்பவும் வளையத்திலேயே முடுக்கிவைத்தால் அது தொலைந்துபோகாது.

இறுதியாகக் குவியப்படுத்தும் கட்டையைத் தூணிலிருந்து உருவ வேண்டும். பூட்டைத் தளர்த்தினால் கட்டை சட்டென்று கீழிறங்கி விரலை நசுக்கக்கூடும். தூணில் காப்பு வளையம் இருப்பின், அது கட்டையின் அடியில் இறுக்கமாக உள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு தூணைப் பீடத்திலிருந்து கழற்றலாம். இதற்குப் பெரும்பாலும் ஆலன் கீ எனப்படும் அறுகோணச் சாவி தேவைப்படும். அச்சாவியையும் பெட்டியுள் வைத்து அனுப்பினால், பெறுவோர் அதனைத் தேடி அலைய நேராது.

தொடலாகாதவை

பிரிப்பதில் ஆர்வம் கொண்டோர் ஓர் எல்லையில் நின்றுவிட வேண்டும். கையால் திருகக்கூடிய திருகுகளோடும், தாங்கியைச் சேர்ந்த பூட்டுகளோடும் நம் வேலை முடிந்தது. தலையின் உடற்பகுதியை மூடியிருக்கும் தகடுகளைத் திறக்கலாகாது. பட்டகக் கூட்டையும், ஜூம் பொறியமைப்பையும், கிரீனோ வகைக் கருவியின் இரட்டைப் பொருளருகு வில்லைகளையும் தொடவே கூடாது. இவை தொழிற்சாலையில் தக்க கருவிகளின் துணைகொண்டு அச்சு ஒத்துவருமாறு பொருத்தப்பட்டவை. பாதுகாப்பாக அனுப்புவதாக எண்ணி ஒரு திருகாணியைத் திருப்பினாலும், எந்தக் கேட்டைத் தவிர்க்க முயல்கிறோமோ அக்கேட்டை நம் கையாலேயே விளைவித்தவராவோம். எண்ணெய் இடுதலும் வேண்டா. அது பரவி வில்லையில் படியும்.

பொதியும் முறை

பொதிதலின் அடிப்படை விதிகள் மூன்று. ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே உறையிடப்பட வேண்டும். எதுவும் மற்றொன்றைத் தொடலாகாது. பெட்டியை அசைத்துப் பார்த்தால் உள்ளே எதுவும் அசையலாகாது.

வில்லைகளை முதலில் வில்லைத்தாளில் சுற்ற வேண்டும். அடுத்துச் சிறு பிளாஸ்டிக் பைகளில் இட்டு, அதன்மேல் காற்றுக்குமிழ்த் தாளைச் சுற்ற வேண்டும். செய்தித்தாளை வில்லையின்மேல் நேரடியாகச் சுற்றுவது தவறு. மையும் தூசியும் ஒட்டும். வைக்கோல் ஈரத்தையும் பூச்சியையும் உடன்கொண்டு வரும். தெர்மாகோல் உருண்டைகள் மின்னூட்டம் பெற்று வில்லையில் அப்பிக்கொள்ளும். கனமான உறுப்பு அவற்றினூடே புதைந்து பெட்டியின் அடியைச் சென்று சேரும். பழைய கருவிப் பெட்டியில் உள்ள ஸ்பாஞ்சையும் நம்பிவிடலாகாது. பல ஆண்டுகள் கழிந்த ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் பொடியாக உதிர்ந்து கருவியில் ஒட்டும்.

தலையை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, சிறு துணிப்பையில் சிலிக்கா மணிகளை உடன் வைத்துக் கட்ட வேண்டும். நீலநிற மணிகள் ஈரத்தை உறிஞ்சியபின் இளஞ்சிவப்பாக மாறிவிடும். அவற்றைச் சூடேற்றி உலர்த்திய பின்னரே பயன்படுத்த வேண்டும். கண்குழாய்களை ஒன்றையொன்று நெருங்குமாறு மடித்துவைத்தால் இடம் சுருங்கும். தலையை வைக்கும் ஸ்பாஞ்சில் அதன் வடிவிற்கேற்பப் பள்ளம் வெட்ட வேண்டும். பக்கவாட்டில் துருத்தி நிற்கும் திருகுகளுக்கும் கண்குழாய்களுக்கும் சுற்றிலும் வெற்றிடம் விட வேண்டும். எடையைத் தாங்க வேண்டியது தலையின் உடற்பகுதி. குழாய்களும் திருகுகளும் அல்ல.

இவ்வாறு பொதிந்த சிறு பெட்டியை, எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள பெரிய பெட்டிக்குள் வைத்து, அவ்விடைவெளியை மெத்தைப் பொருளால் நிரப்ப வேண்டும். ஆறு பக்கங்களிலும் இது ஒரே சீராக இருத்தல் வேண்டும். 'இப்பக்கம் மேலே' என்று எழுதினாலும் பெட்டி எப்பக்கமும் புரளும் என்று கொண்டே பொதிய வேண்டும்.

பீடத்தையும் தூணையும் வேறொரு பெட்டியில் அனுப்புவதே சிறப்பு. இரும்புப் பீடமும் வில்லையும் ஒரே பெட்டியில் பயணம் செய்வது, அம்மிக்கல்லையும் முட்டையையும் ஒரே பையில் சுமப்பதற்கு ஒப்பாகும். ஒரே பெட்டியில்தான் அனுப்ப வேண்டும் என்ற நிலையில் பீடத்தை அடியில் வைத்து, நகராமல் இறுக்கி, இடையே உறுதியான அட்டைத் தடுப்பு ஒன்று வைக்க வேண்டும்.

அட்டைப்பெட்டி புதியதாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். நனைந்து காய்ந்த அட்டை தன் வலிமையை இழந்துவிடும். நெடுந்தொலைவிற்கு ஒட்டுப்பலகைப் பெட்டி சிறந்தது. அதன் மூடியை ஆணி அடித்து மூடாமல் திருகாணியால் மூட வேண்டும். சுத்தியலின் ஒவ்வோர் அடியும் உள்ளிருக்கும் கருவிக்கு ஓர் அதிர்ச்சியன்றோ! வெளிநாட்டிற்கு அனுப்பும்போது, சாதாரண மரப்பெட்டி வெப்பமூட்டப்பட்டு முத்திரை பெற்றதாக இருத்தல் வேண்டும் என்னும் பன்னாட்டு விதி உள்ளது. ஒட்டுப்பலகைக்கு அவ்விதி இல்லை.

பெறுவோர், அனுப்புவோர் முகவரிகளை வெளியே எழுதுவதோடு உள்ளேயும் ஒரு படி வைக்க வேண்டும். உறுப்புப் பட்டியலையும், பூட்டும் வரிசையையும் அதனுடன் சேர்த்து வைப்பது பெறுவோர்க்குப் பேருதவியாகும். கருவியின் மதிப்பிற்கு ஏற்பக் காப்பீடு செய்தலும் நன்று.

வந்து சேர்ந்தபின்

பெட்டியைப் பெறுவோர் அதன் வெளித்தோற்றத்தை நிழற்படம் எடுத்த பின்னரே திறக்க வேண்டும். குளிரான இடத்திலிருந்து வந்த பெட்டியைச் சில மணிநேரம் திறவாமல் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த வில்லையின்மீது வெம்மையான ஈரக்காற்று பட்டால் நீர்த்துளிகள் படியும். பொருள்களைப் பட்டியலோடு சரிபார்த்து, பிரித்த வரிசைக்கு நேர்மாறான வரிசையில் பூட்ட வேண்டும்.

பூட்டிய கருவியைச் சோதிக்க ஒரு வரைபடத்தாள் போதும். மிகக்குறைந்த உருப்பெருக்கத்தில் கோடுகள் குறுக்கிடும் ஒரு புள்ளியைப் பார்வைப் புலத்தின் நடுவில் நிறுத்தி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணாக மூடிப் பார்க்க வேண்டும். அப்புள்ளி இரு புலங்களிலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு வேறுபாட்டைக் கண் ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். மேல் கீழாக உள்ள வேறுபாட்டை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. பின்னர் உருப்பெருக்கத்தை மிகுதியாக்கி, மீண்டும் புள்ளி நிலைத்து நிற்கிறதா என்று காண வேண்டும். பிறழ்வு தெரிந்தால் தாமே திறந்து சரிசெய்ய முயலாமல், அனுப்பியோர்க்கும் காப்பீட்டாளர்க்கும் உடனே தெரிவித்து, தேர்ந்த தொழில்நுட்பரிடம் ஒப்படைக்க வேண்டும். பொதிந்த பொருள்களை அதுவரை எறிந்துவிடலாகாது.

முடிவுரை

ஒரு கருவியைப் பொதிந்து அனுப்புவதற்குச் செலவாகும் நேரம் இரண்டு மணிக்கு மேற்படாது. அக்கருவியின் வாழ்நாளோ பல பத்தாண்டுகள். செம்மையாகப் பேணப்பட்ட ஒரு முப்பரிமாண நுண்ணோக்கியில் தந்தை தலைமுறையும் மகன் தலைமுறையும் பயில முடியும்.

இஸ்லாம் வலியுறுத்தும் அறங்களுள் ஒன்று அமானிதத்தைப் பேணுதல். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறைவின்றி உரியவரிடம் சேர்ப்பிப்பதே அதன் உட்பொருள். கல்விக்கூடத்தின் கருவி தனியொருவரின் உடைமையன்று. இன்னும் வகுப்பிற்குள் வராத மாணவர்க்கும் அதில் உரிமை உண்டு. வெளியே கீறலின்றிச் சென்றுசேர்ந்தால் மட்டும் அந்த அமானிதம் நிறைவேறியதாகாது. பெற்றவர் குனிந்து நோக்கும்போது இரு கண்களுக்கும் காட்சி ஒன்றாகவே தோன்ற வேண்டும். தொங்குவதைக் கழற்றுதல், பொருத்தப்பட்டதைத் தொடாதிருத்தல், ஒவ்வொன்றையும் தனித்தனியே மெத்தையிட்டு வைத்தல் ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தால் அது கைகூடும்.